சிப்பர் பிளேடும் சாணையும்: கேட்டதும் சொன்னதும்

டிராக்டரில் மாட்டி ஓட்டும் மரச் சிப்பர்களின், அதாவது மரத்தைச் சில்லுகளாக வெட்டும் மெஷின்களின், பிளேடுகளுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பது என் தொழில். தென்னை மட்டை, சவுக்கு, தைலமரம், சீமைக் கருவேலம் என எதை வெட்டி மழுங்கிய பிளேடும் பட்டறைக்கு வரும். பிளேடு, எதிர்க்கத்தி (பிளேடுக்கு எதிரே அசையாமல் நிற்கும் இரும்பு), போல்ட் இந்த மூன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எஞ்சின், ஹைட்ராலிக் கேள்விகளை அந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் நல்லது. பழைய லாரி கமான் பட்டையில் (சுமை தாங்கும் ஸ்பிரிங் பட்டை) அடித்த பிளேடு வேண்டாம் என்று நான் சொல்லிவருவதற்கும் கீழே கேள்வி வந்திருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பிளேடில் கை வைப்பதற்கு முன்னால் டிராக்டர் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பி.டி.ஓ. ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுபோகும் தண்டு) கழன்றிருக்க வேண்டும். பிளேடுகள் மாட்டியிருக்கும் டிஸ்க் கனமானது. டிராக்டரை அணைத்த பிறகும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டது என்று மூடியைத் திறக்காதீர்கள். நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்து, மரக்கட்டையை அண்டைக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்: எத்தனை மணி நேரம் ஓட்டினால் பிளேடைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும்?

மணிக்கணக்கு வைத்துச் சொன்னால் அது உங்களை ஏமாற்றிவிடும். பச்சைச் சவுக்கு வெட்டுகிறவருக்கும், தரையில் கிடந்து மண் ஒட்டிய மட்டை போடுகிறவருக்கும் ஒரே கணக்கு வராது. தென்னை ஓலையிலேயே சிலிக்கா இருக்கிறது. அதோடு மணலும் சேர்ந்தால் கூர் சீக்கிரம் போகும். மட்டையை இழுத்துக்கொண்டு வராமல் தூக்கி வந்து போட்டாலே பிளேடு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மெஷினில் இருந்து விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டு, அளவு ஒன்றுபோல் இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. வால் வாலாக நார் தொங்கினாலும், தூள் அதிகமாக விழுந்தாலும் மழுங்கிவிட்டது. மரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் மெஷின், நீங்கள் தள்ளினால்தான் எடுக்கிறது என்றால் ஏற்கெனவே தாமதம்.

இன்னொரு வழியும் உண்டு. பிளேடைக் கழற்றித் துடைத்து, வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் ஓரம், மேலே இருக்கும்படி வெயிலில் பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, அங்கே ஒன்றுமே தெரியாது. மழுங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு மின்னும். அந்தக் கோடு நூல் கனத்தில் இருக்கும்போதே கொண்டுவந்தால் லேசாக ஒரு தேய்ப்பு போதும். தடித்த பிறகு வந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டியிருக்கும். பிளேடின் அகலம் உங்கள் முதல். ஒவ்வொரு சாணையிலும் அதில்தான் கொஞ்சம் செலவாகிறது.

கரூர்: என்ன கோணம் வைக்க வேண்டும்? ஒருவர் 25 என்கிறார், ஒருவர் 45 என்கிறார்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். புத்தகம் இல்லை என்றால் பிளேடில் தேயாமல் இருக்கும் பழைய சரிவை அளந்து, அதையே வையுங்கள். நான் பார்க்கும் மெஷின்களில் பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரிக்குள் வரும். 25 வைத்தால் முதல் நாள் வெண்ணெய் மாதிரி வெட்டும், கருவேலத்தின் முண்டு வந்ததும் வாய் உதிரும். 45 வைத்தால் வாய் உடையாது, ஆனால் டிராக்டர் டீசலைக் குடிக்கும். பச்சை மட்டைதான் வேலை என்றால் 30, காய்ந்த கருவேலமும் சவுக்கும் என்றால் 35 பக்கம்.

கோணமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. பிளேடின் கனம் 10 மில்லிமீட்டர் என்றால், சரிவின் நீளம் 20 மில்லிமீட்டர் இருந்தால் அது 30 டிகிரி. 17 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் 35 டிகிரி. கனத்தைப்போல் இரண்டு மடங்கு சரிவு என்றால் 30 என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவான பக்கத்தை மட்டும்தான் தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் பிசிறு எடுக்க எண்ணெய்க்கல்லைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு, அதோடு சரி. தட்டைப் பக்கத்தைக் கல்லில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு மரத்துக்குள் இறங்காமல் மேலேயே உரசும்.

திண்டுக்கல்: பிளேடைக் கழற்றாமல், ஆங்கிள் கிரைண்டரில் அங்கேயே தீட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மரம் கெடுத்த பிளேடைவிடச் சூடு கெடுத்த பிளேடுதான் என்னிடம் அதிகம் வருகிறது.

இரும்பில் ஏற்றிய பதம், அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கொடுத்த கடினம், சூட்டில் இறங்கும். தேய்க்கும்போது வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் 220 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிட்டது. நீலம் ஏறினால் 300ஐ ஒட்டிவிட்டது. சாதாரண கார்பன் எஃகு என்றால் அந்த நீலம் பட்ட இடம் மெதுத்துப் போயிற்று. எவ்வளவு கூர் வைத்தாலும் அரை நாளில் மடங்கும். நல்ல சிப்பர் எஃகு கூடுதல் சூட்டைத் தாங்கும்தான். ஆனால் அதிலும் கல் அழுத்திய இடம் திடீரென்று சூடாகிக் குளிரும்போது மயிரிழை வெடிப்பு விழும். நீலத்தைப் பஃப் போட்டு எடுத்துவிட்டேன் என்பார்கள். போனது நிறம் மட்டும்தான், போன பதம் திரும்பாது. கொதிக்கிற பிளேடைத் தண்ணீரில் முக்குவது அதைவிட மோசம்.

கையால் பிடித்துத் தேய்த்தால் கோணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பிளேடில் அதிகமாகவும் எதிர்ப்பக்கத்துப் பிளேடில் குறைவாகவும் இரும்பு போனால் டிஸ்க் சமநிலை தவறும். அந்த அதிர்வு போய்ச் சேரும் இடம் பேரிங். அதனால்தான் எல்லாப் பிளேடையும் ஒன்றாகக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறேன். காந்தப் பலகையில் வரிசையாக வைத்து, கூலன்ட் தண்ணீர் ஓட ஓட, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் எடுப்போம். முடிந்ததும் எதிரெதிர் பிளேடுகளைத் தராசில் போட்டுப் பார்ப்போம். எடை ஒத்துவந்த பிறகுதான் ஜோடி சேரும்.

மணப்பாறை: கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய வட்டு) போட்டால் சூடு ஆகாதே?

குறைவாக ஆகும். கோணமும் எடையும்? மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

பட்டுக்கோட்டை: புதுச் சாணை பிடித்து மாட்டியும் நார் நாராக வருகிறது. சாணை சரியில்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பிளேடு தனியாக வெட்டுவதில்லை. பிளேடும் எதிர்க்கத்தியும் சேர்ந்துதான் வெட்டுகின்றன. எதிர்க்கத்தி என்பது மரம் நுழையும் வாயில் அசையாமல் நிற்கும் இரும்பு. சிலர் பெட் பிளேடு என்பார்கள். சாணை பிடித்தால் பிளேடு குறுகும். அப்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும். பெரிய இடைவெளியில் தென்னை நார் வெட்டுப்படாமல் மடங்கி நுழைந்துவிடும். அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்று உங்கள் மெஷின் புத்தகம் சொல்லும். சிறிய மெஷின்களில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் கேட்பார்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, டிஸ்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு பிளேடிலும் இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில் பாருங்கள். எந்தப் பிளேடு மிக நெருங்கி வருகிறதோ அதை வைத்து எதிர்க்கத்தியை நகர்த்துங்கள். எல்லா போல்ட்டும் இறுக்கிய பிறகு மறுபடி அளவு பாருங்கள், இறுக்கும்போது நகரும். பிறகு ஒரு முழுச் சுற்று கையால். எங்காவது உரசினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எதிர்க்கத்தியின் ஓரமும் உருண்டுபோகும். பல மெஷின்களில் அதைத் திருப்பி மாட்ட முடியும், நாலு ஓரமும் பயன்படும். முதல் ஓரத்திலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, பிளேடையே குறை சொல்கிறவர்கள் அதிகம்.

நாமக்கல் பட்டறைக்காரர்: கம்பெனி பிளேடு விலைக்கு, லாரி கமான் பட்டையில் நாலு செட் அடித்துவிடலாம். நாங்கள் அடித்துக் கொடுக்கிறோம், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் ஏன் வேண்டாம் என்று பயமுறுத்துகிறீர்கள்?

அண்ணே, உங்கள் கைவேலையை நான் குறைத்துப் பேசவில்லை. கமான் பட்டை நல்ல எஃகுதான். ஆனால் அது வளைந்து கொடுப்பதற்காகப் பதம் ஏற்றியது. லாரியில் இருக்கிறபடியே வெட்டி மாட்டினால் பிளேடுக்கு வேண்டிய கடினம் அதில் இல்லை. சிப்பர் பிளேடுக்கு ராக்வெல் சி என்கிற கடின அளவில் 55க்கு மேல் வேண்டும். கமான் பட்டை அதற்கு நன்றாகவே கீழே. கேஸ் கட்டிங்கில் வெட்டினால் ஓரத்தில் இருக்கிற பதமும் போய்விடும்.

நாமக்கல் பட்டறைக்காரர்: நாங்கள் அடித்தபின் எண்ணெயில் துவைத்துப் பதம் ஏற்றித்தான் கொடுக்கிறோம்.

அப்படியென்றால் கடினம் என்கிற வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் என் பயம் வேறு. அந்தப் பட்டை எத்தனை லட்சம் குழியில் ஏறி இறங்கி வந்தது? கண்ணுக்குத் தெரியாத சோர்வு வெடிப்பு அதில் இருந்தால், பதம் ஏற்றும்போது அது மூடாது, வளரும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் உடைந்த துண்டு எங்கே போகும் என்று நீங்களே யோசியுங்கள். தீவனம் வெட்டும் கையடி மெஷினுக்கு அடித்துக் கொடுங்கள், நான் எதுவும் சொல்லவில்லை.

பேராவூரணி: கஜா புயலுக்குப் பிறகு 2018 கடைசியில் விழுந்த தென்னைகளை வெட்டினோம். டி2 எஃகுப் பிளேடு கல்லில் பட்டு உடைந்தது, கமான் பட்டை பிளேடு மடங்கியதோடு சரி. உடைவதைவிட மடங்குவது மேல் இல்லையா?

நியாயமான பேச்சு. டி2வில் சுமார் 12 சதவீதம் குரோமியம், ஒன்றரை சதவீதம் கார்பன். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும், அடியைத் தாங்காது. மண்ணும் கல்லும் கலந்த புயல் மரத்துக்கு டி2 சரியான தேர்வு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதில் கமான் பட்டை அல்ல. சிப்பர் பிளேடுக்கென்றே ஏ8 வகையை மாற்றிச் செய்த எஃகு இருக்கிறது. கார்பன் அரை சதவீதம் பக்கம், குரோமியம் 8 பக்கம். அடியையும் தாங்கும், தேய்மானத்தையும் ஓரளவு தாங்கும். வாங்கும்போது எந்த எஃகு, என்ன கடினம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

நாமக்கல் அண்ணன் புதுப் பட்டை வாங்கி, கடினம் சோதித்து, வெடிப்புப் பார்த்துக் கொடுத்தால் விவாதம் வேறு. பழைய பட்டையில் சிப்பர் பிளேடு என்பதற்கு என் பதில் மாறாது.

கும்பகோணம்: சாலையோர மரத்தில் ஆணி இருந்திருக்கிறது, பிளேடு வாயில் துண்டு பெயர்ந்து பல் விழுந்துவிட்டது. எவ்வளவு தேய்க்க வேண்டும்?

விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி மரத்துக்குள் புதைந்து போயிருக்கும், வெளியே தெரியாது. சாலை மரம் என்றால் அடிப்பகுதியைச் சிப்பரில் விடாமல் விறகுக்கு ஒதுக்குங்கள்.

சின்னப் பல் என்றால் முழுவதும் போகிறவரை தேய்க்க வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டர் பல் இருந்தாலும் மற்ற இடம் வெட்டும். அடுத்தடுத்த சாணையில் தானாகப் போய்விடும். முக்கியம், பல்லின் அடியில் இருந்து வெடிப்பு ஓடுகிறதா என்பது. பிளேடைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தப் பிளேடு பழைய இரும்புக்குத்தான்.

ஒட்டன்சத்திரம்: உடைந்த இடத்தில் வெல்டிங் வைத்துத் தேய்க்கலாமா?

கூடாது. வெல்டிங் பக்கத்தில் உள்ள எஃகு முதலில் பதம் இழக்கும், பிறகு அங்கேயே வெடிக்கும்.

தேனி: ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தீட்டினால்?

மின்சாரக் கிரைண்டரும் தண்ணீரும் கையில். தயவுசெய்து செய்யாதீர்கள். கிரைண்டர் கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்லப்போவதில்லை, திண்டுக்கல் நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

உடுமலை: எங்கள் மட்டைத் தூளாக்கும் மெஷினில் பிளேடே இல்லை, சுத்தியல் மாதிரி இரும்புதான் தொங்குகிறது. அதற்குக் கூர் வைக்க வேண்டுமா?

வேண்டாம். அது அடித்து நொறுக்குவது. ஒரு ஓரம் தேய்ந்தால் திருப்பி மாட்டுங்கள், மாற்றும்போது எதிரெதிர் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

தாராபுரம்: புது மெஷினுக்கு மானியம் எவ்வளவு?

உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சத்தியமங்கலம்: கமான் பட்டைச் சண்டையில் என் கேள்வி போய்விட்டது. பிளேடு போல்ட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

மன்னிக்கவும், அதில் மூழ்கிவிட்டேன். இழை நசுங்கியிருந்தாலும், நீண்டிருந்தாலும், தலையின் விளிம்பு உருண்டிருந்தாலும் உடனே மாற்றுங்கள். புத்தகம் ஒருமுறைதான் என்றால் ஒருமுறைதான். தலையில் வலிமை எண் 10.9 என்றோ 12.9 என்றோ இருந்த இடத்தில் 8.8 போல்ட் போடாதீர்கள். கடையில் அது இல்லை, இது இருக்கிறது என்றால் மெஷினை நிறுத்தி வையுங்கள்.

பிளேடு உட்காரும் இடத்தைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். அங்கே காய்ந்த பால், பிசின், தூள் கொஞ்சம் இருந்தாலும் பிளேடு ஒரு பக்கம் தூக்கி உட்காரும், போல்ட் இறுகியதுபோல் காட்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்; குழாய் மாட்டி ஏறி மிதிக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் முதலில் சாவி, பிறகு ஷாஃப்ட், பிறகுதான் மூடி.

அறந்தாங்கி: பிளேடை லாரி பார்சலில் அனுப்பலாமா? எப்படிக் கட்ட வேண்டும்?

அனுப்பலாம். கழற்றும்போதே எந்தப் பிளேடு டிஸ்கில் எந்த இடத்தில் இருந்தது என்று பெயின்ட் மார்க்கரில் எண் போடுங்கள். வாய்ப்பக்கத்துக்குப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். எதிர்க்கத்தியையும் சேர்த்து அனுப்புங்கள். மெஷினின் மாடலையும், புத்தகத்தில் உள்ள கோணம், இடைவெளி இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.