நடுவர் நிற்கிறார், கங்காணி பார்க்கிறார்

அன்புள்ள ஐயா,

நான் சேலத்தில் உடற்கல்வி ஆசிரியர். போன மாதம் ஒரு கபடிப் போட்டியில் மூன்று நாள் வெயிலில் நின்று விசில் ஊதினேன். கடைசியில் கொடுத்த சான்றிதழில் 'போட்டிகளைச் சிறப்பாக மேற்பார்வை செய்தமைக்காக' என்று அச்சடித்திருந்தார்கள். ஆபிஷியேட்டிங் என்பதற்குத் தமிழ் அதுதானாம். எனக்கு என்னவோ கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. 'கண்காணித்தமைக்காக' என்று மாற்றச் சொல்லலாமா என்று எங்கள் தமிழாசிரியரிடம் கேட்டேன். 'கங்காணி ஆகிவிடுவீர்கள், பரவாயில்லையா?' என்று சிரித்தார். எது சரி? கங்காணி அவ்வளவு மோசமான சொல்லா?

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள சார்,

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆபிஷியேட் என்ற ஆங்கிலச் சொல் ஒரு பெரிய கோணிப்பை. விசில் ஊதுபவர், ஸ்கோர் எழுதுபவர், தேவாலயத்தில் திருமணம் நடத்தி வைக்கும் பாதிரியார் என்று எல்லாரும் அதற்குள் போய்விடுவார்கள். தமிழில் அப்படி ஒரே பை கிடையாது. இல்லாமல் போனது நல்லது என்றே நினைக்கிறேன்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களைக் கவனித்திருப்பீர்கள். 'டேய், நீ அம்பயர் நில்லுடா' என்பார்கள். 'அம்பயர் பாரு' என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஆனால் மார்ச் மாதம் பொதுத்தேர்வுக்குப் போகும்போது நீங்களே 'ஹால் டூட்டி பார்க்கிறேன்' என்றுதான் சொல்வீர்கள். ஒன்று நிற்பது, மற்றொன்று பார்ப்பது. படித்துச் சொல்வதல்ல, வாயில் தானாக வருவது. (தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் கட்சிப் பையனே அம்பயர் நிற்பான், எல்பிடபிள்யூ என்ற ஒன்றே அங்கே கிடையாது என்பது தனிக் கதை.)

நடுவர் என்றால் நடுவில் நிற்பவர். நடு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இரண்டு பக்கம் இருந்தாக வேண்டும். மத்தியஸ்தர் என்ற வடசொல்லின் கட்டுமானமும் அதேதான். கபடிக்கும் பட்டிமன்றத்துக்கும் மட்டுமா? 1990இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் நம் மாவட்டக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மேட்டூர் இங்கேதானே இருக்கிறது. மாஜிஸ்டிரேட்டை இன்று குற்றவியல் நடுவர் என்கிறோம். யமனுக்கே நடுவன் என்று ஒரு பெயர் உண்டு. அவனிடம் ரிவ்யூ கேட்க முடியாது. அம்பயர் என்ற சொல்லும் பழைய பிரெஞ்சில் 'ஜோடி சேராதவன்' என்ற பொருளில் கிளம்பியதுதான். இரண்டு கட்சிக்கும் சேராத ஒற்றை ஆள்.

மேற்பார்வைக்கு நடு தேவையில்லை, மேலே ஓர் இடம் இருந்தால் போதும். பார்க்கிற ஆள் மேலே, பார்க்கப்படுகிற ஆள் கீழே. கண்காணிப்பும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் இன்னும் நெருக்கமான பார்வை. அரசாங்கமே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை: ஆங்கிலத்தில் ஒரே பதவி, மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளர், பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளர்.

இப்போது கங்காணி. கண்காணி என்பதை வேகமாகச் சொன்னால் 'ண்' போய் 'ங்' வந்துவிடும், அவ்வளவுதான். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் கண்காணி கௌரவமான பொறுப்பு. 'கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்' என்று தொடங்கும் திருமந்திரப் பாட்டில் சிவனே கண்காணி. அங்கிருந்து இறங்கித்தான் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கு வருகிறது, பிறகு தேயிலைக்கு, மலேயாவின் ரப்பருக்கு. ஊரில் ஆள் பிடிப்பவரும் அவரே, முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப் போடுபவரும் அவரே, தோட்டத்தில் வேலை வாங்குபவரும் அவரே. எத்தனை பேரை வேலைக்கு இறக்கினாரோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. ஆங்கில அகராதி வரைக்கும் போய்ச் சேர்ந்த சொல், கெட்ட பெயரோடுதான் போய்ச் சேர்ந்தது.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். எங்கள் அம்மாயி அடிவாரத்திலிருந்து மலையேறிப் பழம் பறிக்கப் போனவள். அரையாண்டு லீவில் நானும் கூடப் போவேன். பகலெல்லாம் கங்காணி குடையோடு வரிசைக்குப் பின்னால் நடப்பார், 'செடியில பழத்த வுட்டுட்டுப் போவாத' என்பார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை, அது அவர் வேலை. சாயங்காலம் நிறுக்கும் இடத்தில்தான் சங்கடம். சாக்கைத் தொங்கு தராசில் மாட்டினால் முள் மேலும் கீழும் ஆடும். அது நிற்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். சாக்கு ஈரம் என்று அதிலும் ஒரு கிலோ கழிப்பார். அம்மாயி ஒருநாள் மெதுவாக, 'முள்ளு நிக்கட்டும் சாமி' என்றாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, அம்மாயியைப் பார்த்தார். மறுநாள் அவளுக்குக் கிடைத்தது பழமே இல்லாத சரிவு.

பறிக்கும்போது அங்கே ஒரு கண்காணி இருந்தால் போதும். தராசுக்கு முன்னால் வந்ததும் தோட்டம் ஒரு பக்கம், அம்மாயி ஒரு பக்கம் என்று இரண்டு கட்சி வந்துவிடுகிறது. அந்த நிமிஷத்துக்கு வேண்டியவர் நடுவர். ஆனால் நின்றதோ ஒரு கட்சியிடம் சம்பளம் வாங்குகிறவர். கங்காணி என்ற சொல்லில் அழுக்கு ஏறியது இந்த இடத்தில்தான் என்பது என் கணக்கு. வீட்டில் யாராவது அடுப்படிக்கு வந்து நோட்டம் விட்டால் அம்மாயி 'நீ என்ன எனக்குக் கங்காணியா?' என்பாள். அந்தக் குரலில் அந்தச் சரிவு இருக்கும்.

ஆகவே கண்காணித்தமைக்காக என்று மாற்றச் சொல்ல வேண்டாம். 'நடுவராகப் பணியாற்றியமைக்காக' என்று போடச் சொல்லுங்கள். ரெஃப்ரி, இரண்டு அம்பயர் என்று மூன்று பேரையும் நடுவர் என்றே சொல்வது கபடியில் குழப்பம்தான். ரெஃப்ரியைத் தலைமை நடுவர் என்று பிரித்துக்கொள்ளலாம், அம்பயர்கள் முரண்பட்டால் முடிவு சொல்பவர் அவர்தானே. 'நடுவம் செய்தார்' என்று புதிதாக வினைச்சொல் கட்டவேண்டாம், யாரும் பேசப் போவதில்லை.

அப்புறம், அச்சடித்த சான்றிதழ்களை மொத்தமாகக் கிழித்துவிட வேண்டாம். இரண்டு பக்கக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உதவி ஸ்கோரர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்களே, அவுட் ஆனவர்கள் கட்டத்தில் வரிசை மாறாமல் உட்கார்ந்திருக்கிறார்களா, யார் முதலில் உயிர்பெற்று உள்ளே போக வேண்டும் என்று மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வாசகம் அவர்களுக்கு அப்படியே பொருந்தும்.