டி.எஸ்.எச். டெஸ்ட்: பெங்களூர் வாசகர்களின் கேள்விகள்

அல்சூர் வாசகி: டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்க வெறும் வயிற்றோடுதான் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. நேரம்தான் முக்கியம். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் இறங்கும். போன முறை காலை 7 மணிக்கு ரத்தம் கொடுத்திருந்தால் இந்த முறையும் அதே நேரத்துக்குக் கொடுங்கள். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாலஹள்ளி வாசகர்: எனக்கு 6.8. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா?

நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் உத்தரவு. தைராய்டு தளர்ந்தால் உத்தரவு கூடும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 5 வரை இயல்பு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். இந்த ஒரு எண்ணை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை என்று பயந்துவிடாதீர்கள். ஃப்ரீ டி4-ஐயும் (ரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோன்) சேர்த்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகள் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு வாசகி: டேங்கர் தண்ணீரில் முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறேன். திடீரென்று டி.எஸ்.எச். 0.1 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. படபடப்பு, எடை குறைவு எதுவும் இல்லை.

உங்கள் சந்தேகம் பலருக்கும் உதவும். பல லேப்களின் டெஸ்ட் முறையே பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் டி.எஸ்.எச்.சைப் பிடித்து அளக்கிறது. ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் நிறைய இருந்தால் அது டெஸ்டில் ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும், டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும். அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் அசல் ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது) போலவே இருக்கும்! ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான்; முடிக்கான மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். அதற்குள் தைராய்டைக் குறைக்கும் மருந்து எதையும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

சிவாஜிநகர் வாசகர்: தைராக்சின் டோஸ் மாற்றிப் பத்து நாள் ஆகிறது. டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம், காசு வீண். புது டோஸுக்கு உடம்பு ஒரு நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். தினமும் மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.