நான்கு இரவு தூங்காத தம்பி

கேள்வி: 2020 ஊரடங்கில் என் தம்பிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. நான்கு இரவு தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். 'வெளியே போகக் கூடாதே, இதெல்லாம் அவசரமா?' என்று தயங்கி, ஐந்தாம் நாள்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். தப்பு என்னுடையதா? — ஒரு வாசகி

பதில்: தாமதமானது உண்மைதான், சகோதரி. ஆனால் தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன் நான். உங்களைப் போலத் தயங்கி வந்தவர்களே அதிகம். உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு 130 நாடுகளில் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டிருந்தன அல்லது நின்றே போயிருந்தன. வழக்கமாகப் போகும் கதவு மூடியிருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

ஒரு இளைஞரை என்னால் மறக்க முடியவில்லை. தன்னைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள் என்று ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவர். முழுக் கவச உடையில், கண் மட்டும் தெரிய நான் போய் நின்றதும் மூலையில் ஒடுங்கிவிட்டார். அவர் வேறென்ன நினைப்பார்? மறுநாள் என் முகப் படத்தை அச்செடுத்து மார்பில் ஒட்டிக்கொண்டு போனேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

சரி, மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால்? தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் போனாலே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். சாகப்போகிறேன் என்றாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, அடிக்க வந்தாலோ, மாரடைப்புக்கு ஓடுவதுபோல் ஓடுங்கள். ஊரடங்கு என்று யோசிக்க வேண்டாம்.

தம்பி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. குளோசபின் என்றால், இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போன பிறகு பழைய அளவை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மருத்துவர்தான் குறைந்த அளவிலிருந்து திரும்ப ஏற்றுவார். லித்தியம் என்றால், காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் வற்றும்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை பலமாக நடுங்கி, பேச்சுக் குழறினால் அன்றே காட்டுங்கள்.

அப்புறம், மருந்துச் சீட்டைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளுக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கும்படி எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கையிருப்பு தம்பி அறையில் வேண்டாம். உங்களிடம், பூட்டில் இருக்கட்டும்.