அப்பா சாலையைக் கடந்தார், போலீஸ் நிறுத்தியது

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடகிழக்கே க்வினெட் கவுண்டியில் இருக்கிறோம். திருவாரூரிலிருந்து அப்பா ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார், வயது 69. சாயங்காலம் எதிரே உள்ள இந்தியன் ஸ்டோர் வரை நடந்து போய் வருவார். நடுவில் ஆறு வழிச் சாலை. சிக்னல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரை மைல் தள்ளி இருக்கிறது. போன வாரம் குறுக்கே கடந்த அப்பாவை போலீஸ் நிறுத்தி, எச்சரித்து அனுப்பியது. அதே இடத்தில் தினமும் எத்தனையோ பேர் கடக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்களா? வாக்கிங்கையே விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்: விடச் சொல்லாதீர்கள். கார் ஓட்டாத பெரியவருக்கு அந்த ஊரில் நடைதான் வெளியுலகம். அதையும் நிறுத்திவிட்டால் ஆறு மாதமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முதலில் சட்டம். உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில், அடுத்தடுத்து சிக்னல் உள்ள இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே, கோடு போட்ட இடத்தில் மட்டும்தான் சாலையைக் கடக்கலாம். மற்ற இடங்களில் கடக்கலாம், ஆனால் வண்டிக்கு வழிவிட்டுக் கடக்க வேண்டும். ஆகவே நிறுத்த அந்தக் காவலருக்கு அதிகாரம் இருந்தது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து, வண்டி மோதும் ஆபத்து கண்ணெதிரே இருந்தாலொழிய இதற்காக யாரையும் நிறுத்தக் கூடாது. வர்ஜீனியா 2021 இலேயே இதை மட்டும் காரணமாகக் காட்டி நிறுத்துவதைத் தடுத்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

அடுத்து நிறம். ஒரே ஒரு காவலரின் மனதை வைத்து இதைப் பேச முடியாது, எண்களை வைத்துப் பேசலாம். மிசூரி மாநிலத்தின் ஃபெர்கசன் நகரில் மக்கள்தொகையில் கறுப்பர்கள் 67 சதவீதம். ஆனால் 'சாலையில் நடந்த விதம்' என்ற குற்றத்துக்காகப் பிடிபட்டவர்களில் 95 சதவீதம் அவர்கள்தான். அமெரிக்க நீதித்துறை 2015 இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் கணக்கு இது. நியூயார்க் நகரில் 2023 இல் குறுக்கே கடந்ததற்காக நோட்டீஸ் வாங்கியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கறுப்பர்களும் லத்தீனோக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). தன் ஊரில் நடு ரோட்டில் கடக்காத நியூயார்க்காரர் யார் இருக்கிறார்? அடுத்த ஆண்டே அந்த நகரம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இனி இதில் சாலையின் பங்கு என்ன என்று பாருங்கள், என் தொழிலே அதுதான். சிகாகோவில் சைக்கிள் அபராதங்களை ஆராய்ந்தபோது, கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் அது வெள்ளையர் பகுதிகளைப் போல எட்டு மடங்கு என்று தெரிந்தது. பெரும்பாலும் நடைபாதையில் ஓட்டியதற்குத்தான். ஏன் நடைபாதையில் ஓட்டினார்கள்? சாலையில் சைக்கிளுக்கு இடம் விடவில்லை, வண்டிகள் பறக்கின்றன. சைக்கிள் பாதை போட்ட தெருக்களில் அபராதம் மிகவும் குறைவு. வசதி செய்து தராத இடத்தில் மக்கள் 'தப்பு' செய்தே தீருவார்கள், அங்கே அபராதப் புத்தகமும் தயாராக இருக்கும். உங்கள் அப்பாவின் கதையும் இதுவேதான்.

உங்கள் கவுண்டிக்கு இதில் பழைய வரலாறு உண்டு. அட்லாண்டாவின் மார்ட்டா ரயில்–பஸ் அமைப்பு தொடங்கிய காலத்தில், 1971 வாக்கெடுப்பில் க்வினெட் சேர மறுத்தது. நகரத்துக் கறுப்பர்கள் நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற பயம் அன்றைய புறநகர் அரசியலில் ஒளிவுமறைவில்லாமல் பேசப்பட்டது. விளைவு, கார் இருப்பவருக்கு மட்டும் என்று போட்ட சாலைகள். அப்புறம் அந்தச் சாலையோர அடுக்ககங்களுக்கு கார் இல்லாதவர்கள் குடிவந்தார்கள். பக்கத்திலுள்ள ப்யூஃபோர்ட் ஹைவேயில் இதைப் பார்க்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கும் பெண் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் மளிகைப் பையோடு மூன்று லேன் ஓடி, நடுவில் திரும்பும் வண்டிகளுக்கான லேனில் மூச்சுவிட நின்று, மீதி மூன்றை ஓடுவார். நானும் ஒருமுறை அந்த நடு லேனில் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் வண்டிகள் கிளப்பிய காற்று சட்டையை இழுத்தது. பலர் இறந்த பிறகுதான் அங்கே சில இடங்களில் சாலை நடுவே நின்றுகொள்ளத் திட்டும் நடப்பவருக்கான சிக்னலும் வந்தன.

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் காலையில் நடந்துகொண்டிருந்தார். 'ஒல்லியான கறுப்பு ஆள்' என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். வந்த காவலரிடம் 'நோ இங்கிலீஷ்' என்று சொல்லி, வீட்டைக் கைகாட்டினார் பெரியவர். அவரைத் தரையில் வீசினார் காவலர். உடல் பாதி செயலிழந்தது. அந்தக் காவலருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனசு பதறுகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அப்பாவுக்கு ஒரு பழக்கத்தை மாற்றிக் கொடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் போலீஸ் கூப்பிட்டால் மரியாதைக்கு அருகில் போவோம், கேட்பதற்கு முன்பே சட்டைப் பையில் கைவிட்டுச் சீட்டை எடுப்போம். இங்கே இரண்டும் ஆபத்து. நின்ற இடத்திலேயே நிற்கணும், கை இரண்டும் வெளியே தெரியணும், திரும்பி நடக்கக் கூடாது. அப்பாவின் பெயர், உங்கள் விலாசம், உங்கள் போன் எண், 'இவருக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் பேசுவார், என்னை அழையுங்கள்' என்ற வரி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஆபீஸ் ஐடி மாதிரி கழுத்தில் தொங்கவிடுங்கள். பின்னாலேயே ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) பிரிண்டும் பாஸ்போர்ட் நகலும் இருக்கட்டும். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு வாசலில் நீங்களே போலீஸ் மாதிரி நின்று இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். 'ஆம் ஐ ஃப்ரீ டு கோ?' என்ற ஒரு கேள்வியையும் சொல்லிக்கொடுங்கள்.

சாலையைக் கடக்க, தற்போதைக்கு சிக்னல் வரை நீங்கள் காரில் கொண்டுபோய் விடுவது நல்லது. மணிக்கு 42 மைல் வேகத்தில் வரும் கார் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதியவருக்கு இன்னும் அதிகம். 23 மைலில் அது பத்தில் ஒன்று.

இரண்டாவது வேலை, அந்த இடத்தில் கிராசிங் கேட்பது. சாலை மாநிலத்துடையதா கவுண்டியுடையதா என்று முதலில் பாருங்கள். ஸ்டேட் ரூட் எண் பலகை இருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் மாவட்டப் பொறியாளருக்கு எழுத வேண்டும், இல்லாவிட்டால் கவுண்டிக்கு. 'பாதுகாப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் ஃபைலில் போய்ப் படுத்துவிடும். நடுத்திட்டும் (pedestrian refuge island), பட்டனை அழுத்தினால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும் நடப்போர் சிக்னலும் (pedestrian hybrid beacon) வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். திட்டு நடப்பவர் விபத்துகளை 56 சதவீதமும் அந்த சிக்னல் 55 சதவீதமும் குறைக்கும் என்பது மத்திய நெடுஞ்சாலைத் துறையே தரும் கணக்கு. அந்த எண்ணையே கடிதத்தில் எழுதுங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஸ்டோர் வாசலில் நின்று, குறுக்கே கடப்பவர்களை எண்ணுங்கள். எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எத்தனை முதியவர்கள், நடுவில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டு நின்றார்கள் என்று குறித்து, நாலு போட்டோவோடு கடிதத்தில் சேருங்கள். ஸ்டோர்காரரிடமும் கையெழுத்து கேளுங்கள், அவர் வாடிக்கையாளர்கள்தானே கடக்கிறார்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள். தினமும் அந்த வழியில் போகிறவர், யார் எங்கே இறங்கி ஓடுகிறார்கள் என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.