பரணில் கிடக்கும் வேக்குவம் கிளீனருக்குச் செலவு செய்யலாமா?

கேள்வி: ஐயா, 1989-இல் என் மாமனார் வாங்கிய வேக்குவம் கிளீனர் ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. இரும்பு உடம்பு, உள்ளே துணிப்பை. பத்து வருடம் வாரம் ஒருமுறை ஓடியிருக்கும், அப்புறம் யாரும் தொடவில்லை. போட்டால் ஓடுகிறது. ஆனால் இழுவை இல்லை, ஹோஸ் பைப்பில் விரிசல், மோட்டாருக்குள் லேசாகப் பொறி தெரிகிறது. "மோட்டாரை மாத்தி, பெயின்ட் அடிச்சு, புதுசு மாதிரி தர்றேன், 4,500 ஆகும்" என்கிறார் ரிப்பேர்காரர். அந்தக் காசுக்குப் புதிதே வாங்கலாமே என்கிறார் மனைவி. பழம்பொருள் என்று விற்றால் ஏதாவது தேறுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தேறாது. பழைய ரேடியோவும் கிராமபோனும் ஷோகேஸில் உட்காரும், அதனால் வாங்க ஆள் வரும். தூசி இழுக்கிற மெஷினை யார் கூடத்தில் வைப்பார்கள்? வீட்டில் உபயோகிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செலவு செய்யுங்கள்.

அதற்கும் 4,500 ரூபாய் வேண்டாம். மோட்டாரை மாற்ற வேண்டும் என்பதையே நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வீட்டு வேக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரமாவது ஓட வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் 20 நிமிடம் என்றால் வருடத்துக்கு 17 மணி நேரம், பத்து வருடத்துக்கு 170. பழைய மோட்டாருக்கு அந்த விதி பொருந்தாதுதான், ஆனாலும் ஒரு அளவுகோலுக்கு அது போதும். உங்கள் மெஷினில் வயதானது ரப்பர்தான். ஹோஸ், மூடியைச் சுற்றியிருக்கும் வாஷர், மின்சார வயரின் மேலுறை, இவையெல்லாம் சும்மா கிடந்தாலே காய்ந்து வெடிக்கும். இழுவை போனதற்கு விரிசல் விட்ட ஹோஸே போதுமான காரணம்.

பொறியைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். மிக்சியில் இருப்பது போலவே இதிலும் இரண்டு கார்பன் கட்டைகள் சுழலும் செம்பு வளையத்தை உரசிக்கொண்டிருக்கும். கட்டையின் அடியில் மட்டும் நீலமாகச் சின்னச் சின்னப் பொறி வந்தால் அது இயல்பு. வளையத்தைச் சுற்றி ஒரு நெருப்பு வட்டமே ஓடினால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் காயில், போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் காயில் கட்டுவதற்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் எடைக்குப் போட்டுவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்பனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், நல்ல மிக்சி மெக்கானிக்கே செய்துவிடுவார். வருடக்கணக்கில் பரணில் கிடந்ததால் ஈரம் ஏறியிருக்கும். இனி ஓட்டுவதற்கு முன், மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் என்ற மீட்டரை வைத்து, மோட்டார் காயிலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் "ஓடுதே சார்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கார்பன், பேரிங்குக்குக் கிரீஸ், வாஷர், ஹோஸ், புது வயர், கூலி. எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. தாண்டினால் உங்கள் மனைவி சொல்வதே சரி. பெயின்ட் வேண்டவே வேண்டாம், அது ஒரு கிராம் தூசியைக்கூடக் கூடுதலாக இழுக்காது.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சில வருடம் முன்பு நானும் ஒரு பழைய மெஷினை ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். பளபளவென்று வந்தது. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வயரைச் சுருட்டப் போனால் இட்லிச் சட்டி போலச் சுடுகிறது. பிரித்துப் பார்த்தால் டேபிள் ஃபேனுக்குப் போடுகிற மெல்லிய வயர்! 1,000 வாட் மெஷின் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது போட வேண்டும். உங்களுடையது இரும்பு உடம்பு என்பதால் எர்த்தோடு மூன்று கோர் வயர், மூன்று பின் பிளக். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், அதற்கு மட்டும் எர்த் தேவையில்லை. மாற்றிய பொருள்களைப் பெயர் போட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழையதையும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரு விஷயம்: வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இத்தனையும் வீண். துணிப்பை பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய தூசியை அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ள புதியதை வாங்குங்கள்.

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு வீட்டு ஏலத்தில் 1930-களின் எலக்ட்ரோலக்ஸ் வேக்குவம் கிளீனர் கிடைத்தது. குரோம் உடம்பு, சறுக்குக் கட்டை மாதிரி கால்கள். ஊருக்கு எடுத்து வந்து உபயோகிக்கலாமா?
– வாசகி, எடிசன்

பதில்: லூரெல் கில்ட் என்ற அமெரிக்க டிசைனர் வடிவமைத்து 1937-இல் வந்த மாடலாக இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள், பார்க்கவே ரயில் எஞ்சின் மாதிரி இருக்கும். ஆனால் விலையைப் பற்றிக் கனவு வேண்டாம். ஏராளமாகச் செய்து வீடு வீடாக விற்ற சரக்கு அது. சீர்செய்யும் கூலி விற்கும் விலையைத் தாண்டிவிடும். அங்கே ஓடுவது 120 வோல்ட். இங்குள்ள 230-இல் நேராகச் செருகினால் சில நொடியில் மோட்டார் புகையும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு அறைக்கும் அதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நானாக இருந்தால் துணி சுற்றிய அந்தப் பழைய வயரைப் பிளக்கில் மாட்டவே மாட்டேன். குரோமை மெல்லிய துணியால் துடைத்து அங்கேயே வைத்துக்கொள்வேன்.