தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்தும் உதவித்தொகை போதவில்லை: வீட்டை அடமானம் வைத்துச் சேர்க்கலாமா?

வேறு மாநிலத்தில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றும், விடுதியும் உணவும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சம் ஆகும் என்றும், கல்லூரி தரும் சலுகையும் உங்கள் கையிருப்பும் போக ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் துண்டு விழுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இந்தப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வின் முடிவு வந்த மறுநாள், ஏறக்குறைய இதே தொகைகளை நானும் என் மனைவியும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் அந்த ஐந்தாண்டுப் படிப்பை 2024இல் முடித்துவிட்டாள். கடன் இன்னும் முடியவில்லை.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆலையில் விரல் போன பெண்களும், பி.எஃப். பணம் வராமல் அலைந்தவர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதச் சொல்லிக் கேட்பதைப் பார்த்து வளர்ந்தவள் என் மகள். தொழிலாளர் வழக்குகளை நடத்த வேண்டும் என்பதே அவள் ஆசை. அந்தக் கல்லூரி அதற்கு ஒரு வழி. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கட்டணம் எவ்வளவு என்பதைவிட, படிப்பு முடிந்தபின் மாதத் தவணை எவ்வளவு என்பதும், அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டே உங்கள் மகள் தான் விரும்பிய வேலையைச் செய்ய முடியுமா என்பதும்தான் நீங்கள் இப்போது பார்க்க வேண்டியவை. எங்களுக்கு இது இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது.

உங்கள் தொகையையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகளில் ஏழரை லட்சம் கடன். வட்டி எளிமைக்காகப் பத்து விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கி சொல்லும். ஆனால் வங்கி முதல் தொகையை விடுவித்த நாளிலிருந்தே வட்டி ஏறும். அந்த ஆறு ஆண்டுகளில் தனிவட்டியாகவே மூன்று லட்சம் சேர்ந்து, திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் பத்தரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 13,900 ரூபாய் கட்ட வேண்டும். அதே வட்டியைப் படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் கட்டிவந்தால், முதல் ஆண்டில் மாதம் 1,250 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 2,500 ரூபாய் என்று உயர்ந்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் 6,250 ரூபாயில் நிற்கும். அதன்பின் வரும் தவணை 9,900 ரூபாய்க்குச் சற்று மேல். மகளின் தோளில் மாதம் நாலாயிரம் ரூபாய் குறைகிறது. ஓய்வுபெற்ற ஒரு வங்கி எழுத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் எடுத்துச் சொல்லும் வரை முதல் ஆண்டு வட்டியை நாங்கள் கண்டுகொள்ளாமலே விட்டிருந்தோம். படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு குறைக்கின்றன என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இந்த நாலாயிரம் எவ்வளவு பெரியது என்பதற்கு வழக்கறிஞர் தொழிலின் தொடக்க வருமானத்தைப் பார்க்க வேண்டும். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இருபதாயிரம் வாங்கும் பெண் பதினான்காயிரம் தவணை கட்டிவிட்டு மதுரையில் அறை வாடகையும் கொடுத்து வாழ முடியாது. அப்போது அவளுக்கு மிஞ்சும் ஒரே வழி, பெருநகரத்து நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதும் சட்ட அலுவலகம். அது நல்ல வேலைதான்; அதையே விரும்பிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளையைக் கடன் இழுத்துக்கொண்டுபோய் அங்கே உட்கார வைப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எனவே பணத்தைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வேலையை மனத்தில் வைத்து இந்தக் கல்லூரிக்குப் போகிறாள் என்பதை உங்கள் மகளிடம் நேராகக் கேளுங்கள்; தவணைக் கணக்கையும் ஒளிக்காமல் அவளிடம் காட்டுங்கள். பதினெட்டு வயதில் அது அவளுக்குப் புரியும். என் மகளுக்குப் புரிந்தது.

இனி, கடனையே சிறிதாக்கும் வழிகள். முதலில் கல்லூரியிடம் மறுபடியும் கேளுங்கள். முதல் விண்ணப்பத்தில் நான் "எங்களுக்கு வசதி குறைவு" என்ற அளவில் பொதுவாக எழுதியிருந்தேன். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிடைத்தது. இரண்டாவது கடிதத்தில் என் சம்பளத்துக்கும் வரிப் பிடித்தத்துக்கும் சான்றான படிவம் 16, என் தாயாரின் டயாலிசிஸ் ரசீதுகள், மகனின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் இணைத்து, மாத வருமானத்தில் கையில் நிற்பது எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் காட்டினேன். அது ஐம்பதாயிரம் ஆனது. 2020இல் ஊரடங்கின்போது ஆலை மூடி என் சம்பளம் பாதியானதும், பழைய சம்பளச் சீட்டையும் புதிய சம்பளச் சீட்டையும் வைத்து மூன்றாவது முறை எழுதினேன். அந்த ஓராண்டுக்குக் கூடுதல் சலுகை தந்தார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, ஒரு தாளில் தவறினால் நின்றுவிடுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் வரும் உதவியை ஐந்தாண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்றாம் ஆண்டில் திண்டாட வேண்டியிருக்கும்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி அடிப்படையில் சேரும் மாணவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் மூன்று விழுக்காடு வட்டியை அரசு ஏற்கிறது. மேலே சொன்ன கணக்கில் இது 90,000 ரூபாய். நாலரை லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் தொழிற்படிப்பில் சேர்ந்தால் அந்தக் காலத்து வட்டி முழுவதையுமே அரசு ஏற்கும். மூன்று விழுக்காட்டுச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான் என்பதையும், வேறு அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு அது இல்லை என்பதையும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் இந்தத் திட்டத்துக்கு வெளியே என்பதையும் கவனியுங்கள். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

வங்கிக் கிளையில் உங்களுக்கு ஏமாற்றம் நேரலாம். நாங்கள் முதலில் போன கிளையில், சட்டம் படித்தால் வேலை கிடைக்காது என்றும், கல்லூரி வெளிமாநிலத்தில் இருக்கிறது என்றும் வாய்மொழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று என் மகள் பேருந்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தாள். கல்விக் கடன் விண்ணப்பத்தை மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. பிறகு, மேலே சொன்ன திட்டத்துக்கு முன்பே கல்விக் கடனுக்கென்று இருந்த வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே படிவத்தில் வேறு வங்கிகளுக்கும் விண்ணப்பித்தோம். அங்கே பதிவான விண்ணப்பத்துக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஐந்து வாரத்தில் கடன் வந்தது. இடத்தை உறுதிசெய்யச் சில நாட்களே அவகாசம் தருவார்கள் என்பதால், முதல் கட்டணத்துக்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தோம். கடன் வந்ததும் கல்லூரி ரசீதைக் காட்டி அந்தத் தொகையை வாங்கி நகையை மீட்டோம். ரசீது எதையும் தொலைத்துவிடாதீர்கள். அவசரத்தில் தனியார் நிதி நிறுவனங்களிடம் போவதற்கு முன், வட்டி எவ்வளவு என்பதோடு முதல் மாதத்திலிருந்தே தவணை கட்டச் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள்.

உங்கள் குடும்பம் மிகவும் நலிந்த நிலையில் இருந்தால், சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா அமைப்பையும் அணுகிப் பாருங்கள். விளிம்புநிலைப் பிள்ளைகள் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து படிக்க உதவுவதற்கென்றே உருவானது அது.

இவ்வளவுக்குப் பின்னும் தவணை மாதம் பத்தாயிரத்தைத் தாண்டும் என்றால், மகள் நீதிமன்றத்துக்குத்தான் போகப் போகிறாள் என்றால், நான் இந்தக் கல்லூரி வேண்டாம் என்றே சொல்வேன். திருச்சியிலும் நமக்கு ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் என் மகளோடு நிற்கும் இளம் வழக்கறிஞர்களில் பாதிப் பேர் அந்த அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள். அவளுக்குக் கிடைத்த பயிற்சியும் நண்பர்களும் உண்மையாகவே மதிப்பு மிக்கவை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வழக்குக் கட்டைப் படித்து நீதிபதி முன் நிற்கும் துணிச்சலை அவளைப் போலவே அவர்களும் பெற்றிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் தவணை மாதம் பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. அவள் மதுரையில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இருக்கிறாள். ஐயாயிரம் அவள் கட்டுகிறாள், மீதியை நான் கட்டுகிறேன். வட்டித் தொகைக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். என் பி.எஃப். பணத்தை நாங்கள் தொடவில்லை, ஏனென்றால் மகன் இப்போது கல்லூரியில் இருக்கிறான், எனக்கு இன்னும் ஆறு ஆண்டுகள்தான் வேலை.

வீட்டைப் பற்றி: ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, அந்த வரம்புக்குள் வங்கி உங்களிடம் சொத்துப் பிணை கேட்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கு சரியாக ஏழரை லட்சத்தில்தான் நிற்கிறது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு எந்தக் கிளைக்கும் போகாதீர்கள்.