டைவர்ஸ் ஆனால் கணவர் மூலம் வந்த கிரீன் கார்டு போய்விடுமா?

கேள்வி கேட்ட தங்கைக்கு. நீங்கள் எழுதியிருப்பது இது: கணவர் அமெரிக்கக் குடிமகன். கல்யாணமாகி இங்கே வந்து ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. கையில் இரண்டு வருஷ கிரீன் கார்டு, அது முடிய இன்னும் நாலு மாதம். "நான் சொல்ற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போயிடு, இல்லேன்னா உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்கிறார். அப்பா அம்மாவும் கிளம்பி வந்துவிடு என்கிறார்கள்.

டிக்கெட் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இதே வார்த்தைகளை 2023 பிப்ரவரியில் நானும் கேட்டேன். டல்லாஸ் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். மறுநாள் காலையில் பெட்டியோடு கதவைத் திறந்தபோது எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா குப்பை போட வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப் போய் டீ போட்டுக் கொடுத்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கார்ட் ஆரிட்ட இருக்கு?" என் பர்ஸில் இருந்தது. "அப்ப அது உம்மட கார்ட். அவர் என்னத்தை கேன்சல் பண்ணப் போறார்?"

அக்கா சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்பதை இரண்டு நாள் கழித்து வக்கீலும் உறுதி செய்தார். கிரீன் கார்டு கைக்கு வருவதற்கு முன்பு, மனு நிலுவையில் இருக்கும்போது, கணவர் அதை வாபஸ் வாங்கலாம். வந்த பிறகு அவரால் வாபஸ் வாங்க எதுவும் இல்லை. அரசாங்கம்தான் அதை எடுக்க முடியும். அப்போதும் குடிவரவு நீதிபதி முன்னால் நின்று நம் பக்கத்தைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இப்போது உங்கள் கார்டை எடுத்து முன்பக்கம் பாருங்கள். வகை என்ற இடத்தில் சிஆர்1 அல்லது சிஆர்6 என்று இருக்கும். இந்தியாவிலிருந்து குடியேற்ற விசாவில் வந்தவர்களுக்கு சிஆர்1, இங்கே இருந்தபடியே மாற்றிக்கொண்டவர்களுக்கு சிஆர்6. கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்குத்தான் இந்த நிபந்தனை போட்ட இரண்டு வருஷ கார்டு. 2020 பிப்ரவரியில் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம், 2021 ஆகஸ்டில் இங்கே இறங்கினேன், ஒன்றரை வருஷம். இன்னும் ஆறு மாதம் கழித்து இறங்கியிருந்தால் பத்து வருஷ கார்டே கிடைத்திருக்கும், அதற்கப்புறம் டைவர்ஸ் அதைத் தொடாது.

கார்டுக்காக மட்டும் செய்யும் பொய்க் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் கொண்டுவந்த சட்டம் இது. இரண்டு வருஷம் முடியும் முன், கடைசி 90 நாளுக்குள், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிபந்தனை நீங்கும். கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால்? அதே மனுவில் விலக்கு கேட்கும் கட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று: "நல்ல எண்ணத்தோடுதான் கல்யாணம் செய்தேன், பிறகு விவாகரத்தில் முடிந்தது." இதற்குக் கணவர் கையெழுத்து வேண்டாம். 90 நாள் கணக்கும் வேண்டாம், தீர்ப்பு கையில் வந்த நாளே போடலாம். டைவர்ஸ் கேஸை யார் போட்டது, யார் மேல் தப்பு என்பதும் இங்கே பேச்சில்லை. முன்பு அப்படியெல்லாம் இருந்தது, 1990-ல் எடுத்துவிட்டார்கள். கல்யாணம் செய்த அன்று உங்கள் மனசு உண்மையாக இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்கு ஆதாரம் வேண்டும்.

என் வக்கீல் "இரண்டு பேர் பெயரும் இருக்கிற எந்தக் காகிதமானாலும் கொண்டு வாங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில், கார் அவர் பெயரில். எனக்கென்று ஒரு பேங்க் அக்கவுண்ட்கூட இல்லை. நம் வீட்டுப் பெண்கள் நிறைய பேருக்கு இதே நிலைதான். பிறகு அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு. அவருடைய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் அட்டையில் என் பெயர். வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "உடன் வசிப்பவர்" என்ற வரியில் என் பெயர். கல்யாணப் பத்திரிகை, அதன் மொழிபெயர்ப்பு. தாலி கட்டும் போட்டோவோடு, அவருடைய அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தந்த ரசீதும், தலை தீபாவளிக்கு என் அப்பா இருவர் பெயரும் எழுதி அனுப்பிய பார்சலின் ரசீதும். கல்யாணத்துக்கு வந்திருந்த இருவரும், இங்கே எங்களை ஜோடியாகப் பார்த்த அக்காவும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் வந்தது. இல்லை என்று நினைத்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயேதான் கிடந்தது.

அதனால் இன்றைக்கே, வீட்டில் இருக்கும்போதே, எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, அவருக்குத் தெரியாத ஒரு புது ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட், கார்டு இரண்டு பக்கமும், வரிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை. வெளியே வந்த பிறகு திரும்பப் போய்க் கேட்பது மிகக் கஷ்டம்.

அடுத்தது முகவரி. வீடு மாறினால் பத்து நாளுக்குள் யூஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஏஆர்-11 என்று பெயர், ஆன்லைனில் பத்து நிமிஷ வேலை, காசு கிடையாது. அந்த நேரத்தில் இதெல்லாம் எங்கே தோன்றும், நான் செய்யவில்லை. மனு போட்ட பிறகு கைரேகை எடுக்க வரச்சொன்ன கடிதம் பழைய வீட்டுக்கே போயிற்று. வக்கீலுக்கும் ஒரு பிரதி வந்ததால் தப்பித்தேன். போகாமல் இருந்திருந்தால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு நிராகரித்திருப்பார்கள்.

உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது. டெக்சஸில் டைவர்ஸ் கேஸ் போட்டு குறைந்தது 60 நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு மார்ச்சில் போட்டது ஜூனில் முடிந்தது, ஜூலையில் ஐ-751 போட்டேன். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். தீர்ப்பு வருவதற்குள் கார்டு தேதி முடியும் போலிருந்தால் காத்திருக்காமல் விலக்கு மனுவைப் போட்டுவிடலாம். அவர்கள் தீர்ப்பு நகல் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள், வழக்கமாக 87 நாள் தருவார்கள், அதற்குள் கொடுக்க வேண்டும். எப்படியானாலும் கார்டு தேதிக்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். போட்டதும் வரும் ரசீதுக் கடிதம் கார்டை 48 மாதம் நீட்டித்துத் தரும், அதை வைத்து வேலைக்கும் போகலாம், ஊருக்கும் போய்வரலாம். எனக்கு நேர்காணல் வைத்து, கார்டு வர 2025 பிப்ரவரி ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் நான் சட்டப்படிதான் இருந்தேன், வேலையும் பார்த்தேன்.

டைவர்ஸ் பேப்பரைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சிலர் அந்த மனுவிலேயே "கிரீன் கார்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள்" என்று எழுதிவிடுகிறார்கள். அதை மறுக்காமல் சம்மதித்தால் ஐ-751-ல் நீங்கள் சொல்லப்போவதற்கு நேர் எதிரான சாட்சி உங்கள் கையெழுத்தோடு ரெடியாக இருக்கும். டைவர்ஸ் வக்கீல் வேறு, இமிக்ரேஷன் வக்கீல் வேறு. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் ஒருதடவை பார்க்கட்டும்.

அடி, மிரட்டல், சாப்பாட்டுக்குக்கூடக் காசு தராமல் அடைத்து வைப்பது, இதெல்லாம் நடந்திருந்தால் வழியே வேறு. அதற்குத் தனி விலக்கு இருக்கிறது, டைவர்ஸ் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கார்டே இன்னும் வராதவர்கள்கூட, கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், கிரீன் கார்டுக்கு வழி செய்யும் ஐ-360 என்ற மனுவைத் தாங்களே போடலாம். டைவர்ஸுக்குக் காரணம் அந்தக் கொடுமைதான் என்றால், டைவர்ஸ் ஆன இரண்டு வருஷத்துக்குள்ளும் போடலாம். நீங்கள் மனு போட்ட விஷயத்தை அவரிடம் சொல்ல அரசாங்கத்துக்குச் சட்டப்படி தடை. 1-800-799-7233 என்பது தேசிய குடும்ப வன்முறை உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். "அடி வாங்கினாத்தானே கொடுமை" என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதும், விசாவைக் காட்டி மிரட்டுவதும் அதில்தான் சேரும்.

இந்தப் பதிலை எச்-4-ல், அதாவது எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் விசாவில், இருப்பவர்களும் படிப்பீர்கள். உங்கள் கதை வேறு, கடினமானதும்கூட. எச்-4 முழுக்கக் கணவரின் எச்-1பி-யைப் பிடித்துத் தொங்குகிறது. பிரிந்து தனியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தீர்ப்பு வந்த நாளோடு உங்கள் எச்-4 முடிந்துவிடும், எச்-4 வைத்து வாங்கிய வேலை அனுமதியும் அதோடு போகும். வேலை போன எச்-1பி-காரருக்கு 60 நாள் அவகாசம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், டைவர்ஸ் ஆன மனைவிக்கு அது கிடையாது. ஆகவே தீர்ப்புக்கு முன்பே படிப்பு விசாவுக்கோ வேறு எதற்கோ மாற மனு உள்ளே போயிருக்க வேண்டும், தீர்ப்புத் தேதியை உங்கள் வக்கீல் அதற்கேற்பப் பார்த்து வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு எச்-4 அப்பா வழியாக அப்படியே தொடரும். கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவி தனியாக வேலை அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது, ஐ-765வி என்று தனி மனு.

எச்-4-ல் இருப்பவர் ஊருக்குப் போனால் அபாயம் இன்னும் அதிகம். திரும்பி வர விசா முத்திரை குத்த வேண்டுமானால் கணவரின் எச்-1பி ஆவணங்கள் வேண்டும். "ஒரு மாசம் அம்மா வீட்ல இருந்துட்டு வா" என்று அன்பாக ஏற்றிவிட்டு, இங்கே டைவர்ஸ் கேஸ் போட்டவர்களை எனக்கே தெரியும். கிரீன் கார்டிலும் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே வர முடியாது. முதலிலேயே டிக்கெட் போடாதே என்றது இதனால்தான். அப்பா அம்மாவுக்கு உங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் வீடியோ கால் போடுங்கள்.

"கிரீன் கார்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று எச்-4 பெண்களிடம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இந்தியர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பல வருஷ நீளம். கார்டு வருவதற்கு முன் டைவர்ஸ் ஆனால் கணவர் வழியாக அந்த வரிசையில் நிற்கும் இடம் போய்விடும் என்பது உண்மை. வரிசையில் நிற்பதற்காக ஒருத்தி எத்தனை வருஷம் அடி வாங்குவது? அந்த நேரத்தில் படித்து, சொந்தமாக எச்-1பி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எச்-4-ல் கழித்த வருஷங்கள், எச்-1பி-யில் வழக்கமாக இருக்க விடும் ஆறு வருஷக் கணக்கில் சேராது.

நம் ஊர் பக்கமிருந்து வரும் இன்னொரு யோசனை, "அமெரிக்கக் கோர்ட் நோட்டீஸை வாங்காதே, இந்தியாவுல அது செல்லாது." வாங்காவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும், அமெரிக்க விசாவைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு முழுசாகச் செல்லும். இந்தியாவில் செல்லுமா என்பது தனிக் கேள்வி. 1991-ல் நரசிம்ம ராவ் - வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது: எந்தச் சட்டப்படி கல்யாணமோ அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும், அல்லது எதிர்த்தரப்பும் மனமுவந்து அந்த நீதிமன்றத்தை ஏற்றிருக்க வேண்டும். மறுபடி கல்யாணம் பற்றி யோசிக்கும்போது ஊரில் ஒரு வக்கீலிடம் இதைக் காட்டிக் கேளுங்கள்.

குடியுரிமைக்கு, குடிமகனின் மனைவி என்ற மூன்று வருஷக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, ஐந்து வருஷம் ஆகும். இரண்டு வருஷ கார்டில் இருந்த காலமும் அதில் சேரும்.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், கார்டில் சிஆர்1-ஆ சிஆர்6-ஆ, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். அந்த பிளாஸ்டிக் ஃபோல்டரில் என்னென்ன வைத்தோம் என்று அக்கா தன் கையால் எழுதிய லிஸ்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.